நான்கு கிராம்பும் கொஞ்சம் மிளகும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குச் செல்லும் வழியில், ஒரு சிறிய மசாலாக் கடை இருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் கம்பத்திலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம் அதை நடத்துகிறது. அவர்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடை வாசலில் ஆங்கிலம். கண்ணாடிச் சாடிகளுக்கு ஆங்கிலத்தில் பெயரட்டை எழுதுவது, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு பயிலும் மகளின் பொறுப்பு.

அவள் ஆறு அட்டைகளை அழகாக எழுதி ஒட்டினாள். பெப்பர்ஸ், ஜிஞ்சர்ஸ், க்ளோவ்ஸ், நட்மெக்ஸ், மேஸஸ், சின்னமன்ஸ். பள்ளியிலிருந்து அவளுக்குச் சொல்லித் தரப்பட்ட விதி ஒன்றுதான்: எண்ண முடிந்த பொருள் ஒன்றுக்கு மேற்பட்டால் இறுதியில் 'எஸ்' சேர வேண்டும். சாடியில் மிளகு ஆயிரக்கணக்கில் இருந்தது. இஞ்சியும் பட்டையும் துண்டு துண்டாக இருந்தன. விதியில் அவள் எள்ளளவும் பிசகவில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்த ஆங்கிலேய முதியவர் ஒருவர் பெப்பர்ஸ் என்ற அட்டையைப் பார்த்துவிட்டு, மிளகாய் எங்கே என்று தேடினார். பன்மையாக்கியதும் அச்சொல் அவருடைய காதில் மிளகாயாகவும் குடமிளகாயாகவும் மாறிவிட்டிருந்தது. பிறகு விஷயம் புரிந்து, அனுமதி கேட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மிளகு, இஞ்சி, ஜாதிபத்திரி, பட்டை ஆகிய நான்கு அட்டைகளிலும் பன்மை விகுதியை அடித்தார். கிராம்பையும் ஜாதிக்காயையும் தொடவில்லை. ஏன் என்று அவள் கேட்டாள். "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்று சிரித்தபடி கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு போனார்.

அதே வாரத்தில் கல்லூரித் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்தது. வீடு மாறிய அனுபவத்தைக் குறித்து எழுதிய கட்டுரையில் ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ் என்ற நான்கு சொற்களுக்கும் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரே குறிப்பு: கவனக்குறைவு. அன்றிரவு கடையைச் சாத்தும்போது அவள் தந்தையிடம் சொன்னாள்: "அப்பா, எனக்கு இங்கிலீஷ் வராதுப்பா. வேற பாடத்துக்கு மாறிக்கிறேன்." தந்தை பத்தாம் வகுப்போடு நின்றவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ கவனமில்லாத புள்ள இல்லையேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது மொழியியல் நோக்கிலும் சரியான கூற்று. அந்த நான்கு பிழைகளும் கவனத்தின் விளைவு. எண்ண முடிந்தவற்றைப் பன்மையாக்கு என்ற விதியைக் கவனமாகப் பின்பற்றும் ஒருவரே ஃபர்னிச்சர்ஸ் என்று எழுத முடியும். நாற்காலியை எண்ணலாம், கட்டிலை எண்ணலாம், அலமாரியை எண்ணலாம். ஆகவே அவற்றின் தொகுதிப் பெயருக்கும் பன்மை உண்டு என்று கொள்வது அவ்விதியின் இயல்பான முடிவு. பெட்டிகளுக்கும் அவ்வாறே. தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று தயக்கமின்றிச் சொல்கிறவர், அவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்கள் பன்மையை மறுக்கும் என்று எதைக்கொண்டு ஊகிப்பார்? குறை விதியில் இருக்கிறது. எண்ணத்தகு பெயர், எண்ணத்தகாப் பெயர் என்ற பாகுபாடு பொருளைப் பற்றியது என்று வகுப்பறை சொல்கிறது. ஆங்கிலத்திலோ அது சொல்லைப் பற்றியது. ஆட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் பொருண்மைப் பெயர்களைத் தனி வகையாக எடுத்து ஆராய்ந்தார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் பள்ளிப் பாடநூல் 'எண்ண முடியுமா, முடியாதா' என்ற ஒற்றைக் கேள்வியிலேயே நிற்கிறது.

இத்தகைய பிழைகளுக்குத் 'தாய்மொழித் தாக்கம்' என்று பெயரிட்டுக் கடந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. தமிழில் எண்ணும் பெயரும் எவ்வாறு இணைகின்றன என்று பார்க்காமல் அப்பெயரைச் சூட்டுவது முறையன்று. உயர்திணையில் தமிழ் கண்டிப்பானது. மாணவர் ஒருவரா பலரா என்பது சொல்லில் தெரிய வேண்டும். அஃறிணையில் அக்கண்டிப்பு இல்லை. இரண்டு புத்தகம் என்றாலும் இரண்டு புத்தகங்கள் என்றாலும் பிழையில்லை. 'கள்' விகுதி அஃறிணைக்குக் கட்டாயமன்று என்பதும், பெயரின் எண்ணை வினை காட்டும் என்பதும் தொல்காப்பியம் அறிந்த செய்திகள். பவணந்தியார் நன்னூலில் இப்பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர்கள் என்கிறார். மரம் வளர்ந்தது என்றால் ஒன்று. மரம் வளர்ந்தன என்றால் பல. மரம் என்ற சொல் தன்னளவில் எண்ணைப் பற்றி எதுவும் கூறாது.

இதனால் தமிழர் எண்ணத்தக்கதையும் அளக்கத்தக்கதையும் பிரித்தறியாதவர் என்று கொண்டுவிடக் கூடாது. அப்பாகுபாட்டைத் தமிழ் வேறோரிடத்தில் வைத்திருக்கிறது. ரசத்துக்கு எத்தனை மிளகு போட்டாய் என்றால் பத்து என்பது விடை. கடையில் எவ்வளவு மிளகு வாங்கினாய் என்றால் கால் கிலோ என்பது விடை. எத்தனை, எவ்வளவு என்ற இரு வினாச்சொற்களும் பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மிளகு அப்படியே இருக்கிறது. அதை மணியாகப் பார்ப்பதா, குவியலாகப் பார்ப்பதா என்பது பேசுகிறவரின் அந்நேரத்துத் தேவையைப் பொறுத்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியில் சோறு இருமுறை வருகிறது. முதலாவது சோறு பானையளவு. இரண்டாவது சோறு ஒற்றைப் பருக்கை. சொல்லின் வடிவம் மாறவில்லை, கேட்பவருக்குக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேண்டுமானால் பருக்கைக்கு வேறொரு சொல்லைத் துணைக்கு அழைக்காமல் முடியாது.

மட்டாஞ்சேரித் தெருவின் மலையாளம் இன்னொரு வழியில் செல்கிறது. அங்கே வினைச்சொல் எண்ணைக் காட்டுவதில்லை. 'எத்ர' என்ற ஒரே வினாச்சொல் ஆட்களையும் கேட்கும், தண்ணீரையும் கேட்கும். தமிழ் இரண்டாகப் பிரித்ததை மலையாளம் பெரும்பாலும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இவ்விரு மொழிகளையும் ஒரே நாளில் பலமுறை மாற்றி மாற்றிப் பேசும் பெண் ஒருத்தி, பாகுபாட்டை எங்கே வைப்பது என்பது மொழிக்கு மொழி மாறும் என்பதைத் தன்னையறியாமலே கற்றிருக்கிறாள். அவள் கற்காமல் விட்டது, அதை ஒவ்வொரு பெயரின் மீதும் முன்கூட்டியே முத்திரையாகக் குத்திவிடும் ஆங்கிலத்தின் பழக்கத்தை மட்டுமே.

விடைத்தாள் வந்த மறுவாரம் ஜப்பானிய இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். ஆங்கிலத்தில், "ஃபைவ் நட்மெக், ப்ளீஸ்" என்றார். அவள் ஐந்து ஜாதிக்காயை எடுத்து வைத்தாள். "த்ரீ போஸ்ட்கார்டு" என்றார். மூன்று அஞ்சலட்டைகளைக் கொடுத்தாள். பன்மை விகுதி ஒன்றுகூட இன்றி வாணிகம் பழுதில்லாமல் நடந்தது. எண்ணுப்பெயர் முன்னால் நிற்கும்போது பன்மை விகுதி புதிதாக எச்செய்தியையும் தருவதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பணம் கொடுக்கும்போது அவர் தம் அட்டைகளைத் தாமே எண்ணினார்: இச்சிமாய், நிமாய், சன்மாய். ஜாதிக்காயை எண்ணும்போது ஹிதோத்சு, ஃபுதாத்சு என்று எண்கள் வேறு உருக்கொண்டன. ஏன் இரண்டு விதமாக எண்ணுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். தட்டையானவற்றுக்கு 'மாய்', பேனா, போத்தல் போன்ற நீண்டவற்றுக்கு 'ஹோன்', கட்டிய புத்தகத்துக்கு 'சத்சு', பொதுவாக எதற்கும் 'த்சு' என்று அவர் விரல்களால் வடிவம் காட்டி விளக்கினார். தமிழில் மனிதரை மட்டும் நாலு பேர் என்று எண்ணுவது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடும். போகும்போது அவர், ஆங்கிலத் தேர்வில் தாமும் ஃபர்னிச்சர்ஸ் என்று எழுதி மதிப்பெண் இழந்ததைச் சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயப் பன்மை இல்லை. எண்ணும்போது பொருளின் வடிவத்தைக் கருதும் வகைச்சொல் எண்ணோடு சேரும். இத்தகைய மொழியைப் பேசுவோரின் மனத்தில் பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்து தோன்றுவதில்லை, எல்லாம் பிசைந்த மாவைப் போன்றவையே என்ற கருத்தும் ஒருகாலத்தில் தத்துவ உலகில் உலவியது. முத்சுமி இமாயும் டெட்ரே ஜென்ட்னரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அதை நேரடியாகச் சோதித்தது. ஆங்கிலக் குழந்தைகளிடமும் ஜப்பானியக் குழந்தைகளிடமும் புதிய பொருளொன்றைக் காட்டிப் புதிய பெயரொன்றைச் சொல்லி, அதே பெயருக்குரிய இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உறுப்புகள் கொண்ட சிக்கலான பொருளாயின் இரு சாராரும் வடிவத்தையே பின்பற்றினர். மணல், பசை போன்ற பொருண்மையாயின் இரு சாராரும் மூலப்பொருளை நோக்கிச் சாய்ந்தனர். எளிய வடிவத் திடப்பொருளில் மட்டுமே வேறுபாடு தெரிந்தது. ஆங்கிலக் குழந்தைகள் வடிவத்தைப் பற்றிக்கொண்டனர். ஜப்பானியக் குழந்தைகளிடம் அத்தகைய சாய்வு இல்லை. மொழியின் செல்வாக்கு உண்டு, ஆனால் அது விளிம்பில் இருக்கிறது. நடுப்பகுதி மனிதருக்குப் பொதுவானது.

2005இல் டேவிட் பார்னரும் ஜெஸ்ஸி ஸ்னெடெக்கரும் இன்னும் எளிய கேள்வியொன்றைக் கேட்டனர். இருவரில் யாரிடம் அதிகம் இருக்கிறது? ஒருவரிடம் பெரியன சில, மற்றவரிடம் சிறியன பல. காலணி என்றால் எண்ணிக்கையைப் பார்த்து விடை வந்தது. பற்பசை என்றால் மொத்த அளவைப் பார்த்து விடை வந்தது. ஃபர்னிச்சர் என்று கேட்டபோது, அச்சொல் ஆங்கில இலக்கணப்படி எண்ணத்தகாததாக இருந்தும், ஆங்கிலம் பேசுவோர் எண்ணிக்கையைப் பார்த்தே விடை சொன்னார்கள். அவர்களுடைய நா பன்மையை மறுக்கிறது. அவர்களுடைய மனம் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. பின்னர் ஷுன்ஜி இனாகாகியும் பார்னரும் 2009இல் ஜப்பானிய மொழியினரிடம் இதே முறையைக் கையாண்டபோது, அம்மொழியில் ஆங்கிலத்தைப் போன்ற இலக்கணப் பாகுபாடு இல்லாதிருந்தும், தீர்ப்புகள் ஆங்கிலேயரின் தீர்ப்புகளை ஒத்தே இருந்தன.

இவ்வாய்வுகளை அந்த விடைத்தாளின் அருகில் வைத்தால் சிவப்புக் கோட்டின் பொருள் மாறிவிடுகிறது. ஃபர்னிச்சர்ஸ் என்று எழுதியவள் உலகத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. ஆங்கிலேயர் மனத்தில் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே பார்த்து, பார்த்ததை எழுதினாள். தமிழையோ ஜப்பானிய மொழியையோ குறைகூறுவதிலும் பொருளில்லை. பன்மையைக் கட்டாயமாக்கியிருக்கும் பிரெஞ்சு மொழியில் தகவலும் அறிவுரையும் அறைகலனும் எண்ணத்தகு பெயர்களே. பிரெஞ்சுக்காரர் ஆங்கிலம் எழுதும்போதும் இன்ஃபர்மேஷன்ஸ் என்று எழுதி இதே சிவப்புக் கோட்டை வாங்குகிறார்.

அப்படியானால் ஆங்கிலத்தின் பாகுபாடு வெறும் தன்விருப்பமா? ஓட்ஸ் ஏன் பன்மை, கோதுமை ஏன் ஒருமை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 1985இல் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா அதை மறுத்தார். மனிதர் ஒரு பொருளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது அதன் பெயரின் இலக்கணத்தில் படிந்திருக்கிறது என்பது அவர் வாதம். மசாலாக் கடை இதற்குப் பொருத்தமான சோதனைக் களம். கிராம்புக்குரிய ஆங்கிலச் சொல் ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆணி எண்ணப்படுவது, ஆகவே கிராம்பும் எண்ணப்படுகிறது. ஜாதிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துச் சீவுவார்கள். வாணிகத்திலும் ஒரு பவுண்டு எடைக்கு 80 காய், 110 காய் என்று எண்ணிக்கையே தரத்தின் பெயராக நின்றது. அதே பழத்தில் அக்கொட்டையைப் போர்த்தியிருக்கும் ஜாதிபத்திரியோ உலர்ந்ததும் உடைந்து இதழாகவும் துகளாகவும் புழங்குவது. ஆகவே அது எண்ணத்தகாதது. மிளகு பொடிக்கப்படுவது, எடைபோடப்படுவது. 1957இல் தொடங்கப்பட்ட இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இயங்கிய அதே யூதத் தெருவில், மிளகை யாரும் மணி மணியாக விலைபேசியதில்லை.

இவ்விளக்கங்கள் அழகானவை. ஆயினும் சொல்லைக் கற்ற பிறகே அவை கைகொடுக்கும். மிளகு மைசூர்ப் பருப்பைவிடச் சிறியதன்று. அப்பருப்பின் ஆங்கிலப் பெயர் பன்மையாகவே வழங்குகிறது, மிளகின் பெயர் ஒருமையில் நிற்கிறது. காரணத்தைப் பின்னோக்கிக் காணலாம், முன்னோக்கிக் கணிக்க முடியாது. கற்பவர் முன்னோக்கியே நடக்க வேண்டியிருக்கிறது.

அவளுடைய தாத்தா கடை தொடங்குவதற்கு முன் பஜார் சாலையின் மிளகு ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் எழுத்தராக இருந்தவர். பரணில் இருந்த அவருடைய பழைய கடித நகல்களைப் புரட்டியபோது, சரக்கு அனுப்பிய செய்தியைத் தெரிவிக்கும் இடங்களிலெல்லாம் அட்வைசஸ் என்ற சொல் கிடைத்தது. அது பிழையன்று. தொலைவிலிருந்து வரும் வாணிக அறிவிப்பு என்ற பொருளில் அச்சொல்லுக்குப் பன்மை உண்டென்பதை ஆங்கில அகராதிகள் பதிவு செய்திருக்கின்றன. அவள் கட்டுரையில் அப்பொருளில் எழுதவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அச்சொல்லின் மேல் பன்மை ஏறவே ஏறாது என்று அவள் நம்பவேண்டிய அவசியம் அன்றோடு தீர்ந்தது. தேயிலைத் தரகர் டீஸ் என்று எழுதுவார், உணவகத்தில் டூ காஃபீஸ் என்று கேட்பார்கள். வகையைக் குறித்தாலும் குவளையைக் குறித்தாலும் எண்ணத்தகாதது எண்ணத்தக்கதாகிவிடுகிறது.

ஆங்கிலத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. பட்டாணிக்கு முன்பு அம்மொழியில் பீஸ் என்ற ஒரு சொல் இருந்தது. அரிசியைப் போலக் குவியலையும் குறித்தது. அதன் இறுதி ஒலி பன்மை விகுதியைப் போல் கேட்டதால், அதைப் பன்மையென்று கருதிய மக்கள் விகுதியை நீக்கிப் பீ என்ற ஒருமையை உருவாக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது நிலைபெற்றது. இன்று அந்த ஒருமையைப் பிழையென்று எந்த ஆசிரியரும் கோடிடுவதில்லை. பலர் ஒன்றுபோல் செய்து காலமும் கடந்துவிட்டால், கற்பவர் செய்யும் அதே செயல் மொழி மாற்றம் என்று பெயர் பெறுகிறது.

தேர்வில் ஃபர்னிச்சர்ஸ் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது இதன் முடிவன்று. ஆய்விதழும் வேலைவாய்ப்பும் எதிர்பார்க்கும் ஆங்கிலம் ஒன்று உண்டு. மாணவர்களுக்கு அதைத் தராமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. வேண்டுவது இரண்டு. முதலாவது, எண்ண முடியுமா என்ற கேள்வியைக் கைவிட்டு, ஒவ்வொரு பெயரையும் அதன் துணைச்சொற்களோடு கற்பிப்பது. மச் வருமா, மெனி வருமா, பீஸ் ஆஃப் தேவைப்படுமா என்பதே கற்கத்தக்க செய்தி. எத்தனை, எவ்வளவு என்ற வேறுபாட்டைக் கையில் வைத்திருக்கும் தமிழ் மாணவருக்கு மச்சும் மெனியும் அந்நியமல்ல. எச்சொல் எதனோடு சேரும் என்ற பட்டியல் மட்டுமே புதிது. இரண்டாவது, கவனக்குறைவு என்ற சொல்லை விடைத்தாள்களிலிருந்து நீக்குவது. பிழைக்குப் பின்னாலிருக்கும் நியாயத்தைப் படிக்காமல் எழுதப்படும் அக்குறிப்பு, மொழியைத் திருத்துவதில்லை. எழுதியவரைப் பற்றிய தீர்ப்பாக மட்டும் தங்கிவிடுகிறது.

அவளுடைய மதிப்பெண் மாறவில்லை. அடுத்த வகுப்பில் அவள் எழுந்து, ஒரே பழத்திலிருந்து வரும் ஜாதிக்காய்க்குப் பன்மை இருக்கும்போது ஜாதிபத்திரிக்கு ஏன் இல்லை, டீச்சர் என்று கேட்டாள். ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். அது நேர்மையான விடை. 'நாங்கள் அப்படித்தான் சொல்வோம்' என்பதைவிட ஒரு படி மேலானது.

கடையில் இப்போது புதிய அட்டைகள் தொங்குகின்றன. முன்பக்கத்தில் வாடிக்கையாளருக்கான பெயர். பின்பக்கத்தில், அவள் மட்டும் பார்க்கும்படி, தமிழில் ஒரே ஒரு சொல். கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் எத்தனை. மிளகுக்கும் இஞ்சிக்கும் பட்டைக்கும் ஜாதிபத்திரிக்கும் எவ்வளவு. பாடம் மாறுவதற்கான விண்ணப்பப் படிவம் கல்லாப்பெட்டிக்கு அடியில் இன்னும் நிரப்பப்படாமல் கிடக்கிறது.